நாளைய பாடம் இன்றைக்கே

என் உயிர் மாப்ள சேகருக்கு,

மீனா கையைத் தூக்கிட்டாடா! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் சுவரோடு ஒட்டி உட்காருவாளே பாண்டிமீனா, அவளேதான். கையைத் தூக்கியது மட்டுமில்லை, போர்டுக்கு வந்து கணக்கும் போட்டாள். நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆடியில் நீ பாட்டுக்கு நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். உன் வகுப்பை ஹெச்.எம். என் தலையில் கட்டினார். கூடவே நீ சாயங்காலம் வைத்துக்கொண்டிருந்த மெல்லக் கற்கும் பிள்ளைகள் ஆறு பேரையும். உன் முறைதான் எனக்குத் தெரியுமே. ஊரே பழைய பாடத்தைத் திரும்ப நடத்த, நீ மட்டும் மறுநாள் பாடத்தை முந்தின நாளே அந்த ஆறு பேருக்குச் சொல்லிவைப்பாய். “இன்னைக்குப் பாடமே ஏறலையாம், இவரு நாளைக்குப் பாடத்துக்குப் போயிட்டாரு” என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனை முறை உன்னை ஓட்டியிருப்பேன்! நீ டீயைக் குடித்துக்கொண்டே சிரிப்பாய். ஒரு நாளாவது என்னோடு சண்டை போட்டிருக்கக் கூடாதா?

என் கைக்கு வந்ததும் என் இஷ்டம்தான். அடித்தளம் சரியில்லை, கீழிருந்து கட்டுவோம் என்று ஆறாம் வகுப்புக் கணக்கை எடுத்தேன். வாய்ப்பாடு, பின்னம், வீட்டுப்பாடம் என்று இரண்டு மாதம். பெரிய வேலை செய்கிறோம் என்ற மிதப்பு வேறு.

போன வாரம் மீனாவின் அம்மா வந்தார். தெப்பக்குளம் பக்கம் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்கா. வந்த வேகத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

“சார், இவ தங்கச்சி ஆறாவது படிக்கிறா. ரெண்டு பேரும் ராத்திரி ஒரே கணக்கப் போடுறாளுக. சின்னவ சிரிக்கிறா சார். இவ சோறு திங்க மாட்டேங்கிறா. போதும் சார், இம்புட்டு அவமானப்பட்டு என்னத்துக்குப் படிப்பு? திங்கக்கிழமையிலருந்து கடையில நிப்பாட்டிக்கிறேன்.”

மாப்ள, யாரோ பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. தங்கச்சி முன்னால் அந்தப் பிள்ளையைச் சிறுமைப்படுத்தியது நான்தானே? “ஒரு வாரம் குடுங்கக்கா” என்று கெஞ்சினேன். நான் கெஞ்சினேன் என்றால் நீ நம்ப மாட்டாய். அந்த அக்கா முறைத்துவிட்டு, “அடுத்த வெள்ளி வரைக்கும்” என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மீனாவிடமே கேட்டேன், “உனக்கு என்னதாம்மா வேணும்?” காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சேகர் சார் நாளைக்குப் பாடத்த இன்னைக்கே சொல்லிருவாரு சார். மறுநாள் கிளாஸ்ல பயமா இருக்காது.”

பயம்! இது எனக்கு ஏனடா தோன்றவில்லை?

ஆறாம் வகுப்புப் புத்தகத்தை அலமாரியில் போட்டுப் பூட்டினேன். மறுநாளிலிருந்து உன் வழிதான். பின்னம் வந்தால் பின்னத்தை அங்கேயே நின்று சொல்லிக்கொடுத்தேன். அதற்காக ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. புதன்கிழமை சாயங்காலம், இரண்டு புள்ளிகளுக்கு நடுப்புள்ளி கண்டுபிடிக்கும் பாடத்தைச் சொன்னேன். நேற்று, வியாழக்கிழமை, அதே பாடத்தை மொத்த வகுப்புக்கும் எடுத்தேன்.

வரைபடத்தாளில் தெப்பக்குளத்தைச் செவ்வகமாகப் போட்டு, எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு, இரண்டு என்றும் பத்து, எட்டு என்றும் எண் கொடுத்தேன். நடு மண்டபம் எங்கே வரும் என்று கேட்டேன். முதல் ரேங்க்காரிகூடப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். அப்போதுதான் அந்தக் கை!

போர்டுக்கு வந்தாள். இரண்டையும் பத்தையும் கூட்டிப் பன்னிரண்டு, இரண்டையும் எட்டையும் கூட்டிப் பத்து என்று எழுதினாள். அதோடு நின்றுவிட்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன். “இருங்க சார்” என்றாள். படத்தில் விரலை வைத்துத் தேடினாள். “மண்டபம் ரோட்டுக்குப் போயிருச்சு சார்! ரெண்டால வகுக்கணும்.” ஆறு, ஐந்து என்று எழுதி, குளத்துக்கு நட்டநடுவில் புள்ளி வைத்தாள். வகுப்பே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். தன் தப்பைத் தானே பிடித்துவிட்டாள் மாப்ள, அதற்கு மேல் என்னடா வேண்டும்!

இன்று காலை அந்த அக்கா வந்துவிட்டார். “இவ போர்டுல கணக்குப் போட்டேன்னு தங்கச்சிக்கு வெளக்கம் சொல்லிக்கிட்டிருக்கா. நெசமா சார்?” வகுப்பு வாசலுக்கே கூட்டிப்போய், “மீனா நேத்து என்ன செஞ்சா?” என்று கேட்டேன். “கணக்குப் போட்டா சார்!” என்று நாற்பது குரல். கிளம்பும்போது அந்த அக்கா கேட்டார்: “சாயங்காலக் கிளாசு எத்தன மணிக்கு முடியும்? நானே வந்து கூப்புட்டுக்கிறேன்.”

அவர் போனபின் ஸ்டாஃப் ரூமுக்குப் போய், எல்லார் முன்னாலும், “சேகர் செஞ்சதுதான் சரி, நான் செஞ்சது தப்பு” என்று சொன்னேன். நீ கேட்க வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. அடுத்த அறையில்தான் நடத்தினாய், ஒரு சாயங்காலமாவது வந்து எட்டிப் பார்த்தேனா?

மணி நாலரை. ஆறு பேரும் வந்துவிட்டார்கள். “சார், திங்கக்கிழமைப் பாடம் ஆரம்பிக்கலாமா?” என்று மீனா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவசரப்படுத்துகிறாள். உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், உன் பிள்ளைகளில் ஒருத்தரைக்கூட இனி நான் பின்னால் அனுப்ப மாட்டேன்.

உன்னை ஓட்டியே பொழுதைக் கழித்த
உன் மாப்ள,
கதிரேசன்