பனிக்குகை வாசலில் தட்டிப் பார்த்தது

ஜனவரி 25, ஞாயிறு

விடியலில் லேசான பனி. எட்டு மணிக்கே வெயில். கீழக்குயில்குடி சமணர் மலையில் நடைப் பயிற்சி. ஐஸ்லாந்து போகும் எட்டுப் பேரும் பனி பூட்ஸ் போட்டுப் படியேறிப் பழக வேண்டும் என்று எங்களைக் கூட்டிப்போகும் கீதா மேடத்தின் உத்தரவு. படியில் உட்கார்ந்திருந்த ஒருத்தர், "எங்கண்ணே, சந்திரனுக்கா?" என்றார். கையை ஆட்டிவிட்டு மேலே ஏறினேன்.

அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகலாம் என்றுதான் சொன்னேன். செல்விக்குப் பனிக்குகைதான் வேண்டுமாம். மொபைலில் பார்த்ததிலிருந்து இரண்டு வருஷமாக அதே பேச்சு. மகள் சென்னையிலிருந்தே டிக்கெட் போட்டுவிட்டாள். முப்பத்து நாலு வருஷத்தில் செல்வி வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். எப்படி மாட்டேன் என்பது.

மேலே சமணர் படுக்கை. எல்லாரும் பாறைக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்கினார்கள். நான் வெயிலிலேயே நின்றேன். பேங்கில் ரிடையர் ஆன ராமநாதன் சார் சிரித்தார். "என்ன மேஸ்திரி, இருபது வருஷம் கல்குவாரியில இருந்துட்டுக் கல்லுக்குப் பயப்படுறீங்க?"

குவாரியில் இருந்ததால்தான். என்னிடம் வேலை பார்த்த சின்னச்சாமி கல் விழுந்து செத்ததிலிருந்து தலைக்கு மேல் பாறை உள்ள இடத்தில் நான் நிற்பதில்லை. பதினெட்டு வருஷம். குகைக்குள் எப்படிப் போகப் போகிறேனோ. செல்வியிடம் சொல்லவில்லை.

ஜன. 30, வெள்ளி

மூட்டம். பெட்டி கட்டியாயிற்று. பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், முழங்கால் தைலம், குரங்குக் குல்லா 2, ஸ்வெட்டர் 5 (ஒன்று எதிர் வீட்டில் இரவல்).

உடல்நலப் படிவம். இருட்டு, உயரம், குகை இவற்றில் பயம் உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை.

பிப். 4, புதன்

ஐஸ்லாந்து. மைனஸ் நாலு. பத்து மணிக்குத்தான் விடிகிறது. தூக்கமே இல்லை. பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பல் மாட்டிப் பனியாற்றின் மேல் மூன்று மணி நேரம். வெட்டிப் போட்ட குவாரி மாதிரிதான் இருக்கிறது, நிறம்தான் நீலம். இதைப் பார்க்க இத்தனை விமானம்.

செல்வி முன்னால், உள்ளூர் வழிகாட்டிப் பெண் ரூனாவை ஒட்டியே நடந்தாள். தடுக்கினாள், சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. சந்தோஷமாக இருந்தது. முழங்கால் வீக்கம். நாளை குகை.

பிப். 5, வியாழன்

ராத்திரி முழுக்க மழை. பனி விழ வேண்டிய ஊரில் மழை.

குகை வாசல். ரூனா ரொம்ப நேரம் மேலே பார்த்தாள். உள்ளே சொட்டுச் சத்தம். வேண்டாம் என்றாள். ஆனால் எங்களுக்கு முன்னால் வந்த வேறொரு கூட்டம் உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. ராமநாதன் சார் விடவில்லை. "நம்ம மேஸ்திரி தட்டிப் பாத்தாலே சொல்லிருவாரு."

கீதா மேடம் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கண்ணே. நீங்க சரின்னா ரூனாகிட்டப் பேசிப் பாக்குறேன்."

கைத்தடியின் இரும்பு முனையால் தட்டினேன். கல் என்றால் தெரியும். நல்ல கல் ணங்கென்று கேட்கும், விரிசல் கண்டது பொத்தென்று கேட்கும். ஐஸ் என்ன சொல்கிறது என்று ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். செல்வி ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு தயாராக நின்றாள். 'போகலாம்' என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"எனக்குத் தெரியல மேடம். தெரியாம யாரையும் உள்ள போகச் சொல்ல மாட்டேன்."

திரும்பினோம். "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்," என்றார் ரா. சார். வேனில் செல்வி கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதாள். "நல்லா இருந்தாலும் இருந்திருக்கும்ல. தெரியலைன்னா பேசாம இருக்கலாம்ல."

அப்போதுதான் சொன்னேன், மெதுவாக, அவளுக்கு மட்டும். சின்னச்சாமி செத்த அன்றைக்கும் முந்தின ராத்திரி மழை. தட்டினேன். பொத்தென்றது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "லாரி நிக்குது மேஸ்திரி, ஒரு மணி நேர வேலைதான்," என்றார். சின்னச்சாமி என் முகத்தைப் பார்த்தான். "போப்பா, நல்லாத்தான் இருக்கு," என்றேன். போலீஸிடமும் கல் நன்றாக இருந்தது என்றேன். அவன் பெண்டாட்டி பேச்சியிடமும் அதையே சொன்னேன்.

செல்வி அழுகையை நிறுத்திவிட்டாள்.

பிப். 6, வெள்ளி

மேகம். குகைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று வேறு கூட்டம் போய் வந்ததாம். ரா. சார் இதை மூன்று முறை சொன்னார். எங்களுக்கு இன்று அருவி. செல்வி கீதா மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் எனக்குத் தட்டில் சோறு வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

பிப். 10, செவ்வாய்

மதுரை. வெக்கை. ஊறுகாய் கொட்டி இரவல் ஸ்வெட்டர் நாசம். துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து செல்வி கேட்டாள்:

"பேச்சிகிட்ட எப்பப் போறீங்க?"

போவீர்களா என்று கேட்கவில்லை.

பிப். 11, புதன்

மேலூர். பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பேச்சியின் காய்கறிக் கடை. "வாங்கண்ணே. பனி மலையெல்லாம் பாத்துட்டு வந்தீகளாமே," என்று பெட்டியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். சொன்னேன். நடுவில் ஒருத்தர் கத்தரிக்காய் கேட்டு வந்தார். எடை போட்டுக் கொடுத்துவிட்டு, "சொல்லுங்க," என்றாள். மிச்சத்தையும் சொன்னேன்.

ரொம்ப நேரம் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். ஏசுவாள், அழுவாள் என்று நினைத்திருந்தேன்.

"கல்லு நல்லாத்தான் இருந்துச்சு, இவருதான் குடிச்சிட்டுக் கவனமில்லாம நின்னாருன்னு எல்லாரும் பேசுனாங்க. நானும் நம்பிட்டேன். நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டாரேன்னு பதினெட்டு வருஷமா அவரத்தாண்ணே வஞ்சுக்கிட்டு இருக்கேன்."

எழுந்து நின்றேன்.

"வெள்ளிக்கிழமை காலையில மகன் திருப்பூர்ல இருந்து வாரான். அப்பன் போட்டோவக்கூட வீட்ல மாட்டவிட மாட்டான். அவன்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

பிப். 12, வியாழன்

ஒன்றும் ஓடவில்லை. தைலம் தீர்ந்துவிட்டது. கீதா மேடம் குரூப் படம் அனுப்பியிருக்கிறார். பேச்சியின் மகனுக்கு அப்போது ஏழு வயது.

பிப். 13, வெள்ளி

விடிந்துவிட்டது. சட்டை மாட்டியாயிற்று. முழங்கால் பரவாயில்லை. செல்வி சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான் கூப்பிடவில்லை. "நானும் வாரேன்," என்கிறாள். மேலூர் பஸ் ஏழு இருபதுக்கு.