இடப்பக்கம் தெரியாதவன்

5 ஜூலை 2025, சனி

சுங்காயில் கலாதேவி அக்கா வீட்டில் இன்று புது ஆட்டம் தொடங்கியது, மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் கதை சொல்லியே ஆடுவது. மூடிய ரப்பர் தோட்டத்துக்குள் காணாமல் போனவர்களைத் தேடும் கதை. கதையை நடத்துவது அக்கா; ஆடுவது நானும் நண்பன் பிரஷாந்தனும். ஆளுக்கு நூறு பாயிண்ட். பலத்துக்கு இவ்வளவு, புத்திக்கு இவ்வளவு என்று பிரித்து அவரவர் ஆளை உருவாக்க வேண்டும். குறை ஒன்றை ஏற்றுக்கொண்டால் பதினைந்து கூடுதல்.

நான் எழுதிய குறை: இடப்பக்கம் கண் தெரியாது. பதினைந்தையும் பலத்தில் போட்டேன்.

"கெட்டிக்காரன் மச்சான் நீ. சும்மா கிடைச்ச பாயிண்ட்லா," என்று பிரஷாந்தன் சிரித்தான்.

சும்மா இல்லை. போன மாதம் கண் டாக்டர் எனக்குச் சொன்னது அது. கண்ணில் அழுத்தமாம். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து காப்பாற்றலாம், வண்டி ஓட்டக் கூடாது. நானோ ஜெலாப்பாங் ஃபேக்டரியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சொன்னால் வேலை போகும். அதனால் யாருக்கும் சொல்லவில்லை. ஆட்டக் காகிதத்தில் மட்டும் எழுதிப் பார்த்தேன்.

பிறகு வழக்கம்போல பிரஷாந்தனை என் காரில் ஏற்றிக்கொண்டு ஈப்போ திரும்பினேன்.

8 ஜூலை, செவ்வாய்

இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டிப் பார்த்தேன். பார்வை நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா? தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

12 ஜூலை, சனி

என் ஆள் இன்று வெளுத்து வாங்கினான். காட்டுப்பன்றிக்கு ஒரே அடி. ஸ்டோர் கதவைத் தோளால் இடித்தே திறந்தான். பிரஷாந்தனின் ஆள் ஒரு வைத்தியர். அவருக்கு வேலையே இல்லை.

"நான் எதுக்குக்கா வந்தேன்? இவனே எல்லாத்தையும் முடிச்சிடுறான்," என்றான்.

அக்கா என் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "குறைன்னு எழுதியிருக்க. உன் ஆளு ஒரு தடவகூட அந்தப் பக்கம் தலையைத் திருப்பலயே? கஷ்டம் கொடுக்காத குறைக்கு நான் பாயிண்ட் கொடுக்க மாட்டேன், யுகேந்திரா. அடுத்த வாரம் இருக்கு உனக்கு."

எரிச்சலாக வந்தது. என் ஆளாவது பயமில்லாமல் நடக்கட்டுமே. அதுகூடக் கூடாதா?

15 ஜூலை, செவ்வாய்

வேலையில் விபத்து ஒன்றும் நடக்கவில்லை. அதற்கே சாமி கும்பிட்டேன்.

19 ஜூலை, சனி

புலி இடப்பக்கமிருந்து வந்தது. அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரஷாந்தனிடம் மட்டும், "உனக்குப் புதர் அசையிறது தெரியுது," என்றார். அவன் கத்துவதற்குள் என் ஆள் விழுந்துவிட்டான். வைத்தியர் ஓடி வந்து உயிரைப் பிடித்து நிறுத்தினார். "இப்பதான் ஆட்டம் சமமா இருக்கு!" என்று பிரஷாந்தனுக்கு ஒரே குஷி.

திரும்பும்போது, தாப்பா பக்கம், இடது லேனுக்கு மாறினேன். "டேய், மோட்டர்!" என்று பிரஷாந்தன் கத்தினான். ஸ்டியரிங்கை வெட்டினேன். மோட்டர் சைக்கிளில் தகப்பனும் மகளும். மகளுக்கு ஏழெட்டு வயதுதான் இருக்கும். எனக்குத் தெரியவே இல்லை — ஹாரன் மட்டும்தான் கேட்டது.

"தூக்கமா மச்சான்?" என்றான். ஆமாம் என்றேன்.

20 ஜூலை, ஞாயிறு

நாளைக்கு எப்படிப் போறது? ஃபேக்டரியில ஜெயபாலன் அண்ணே தினமும் பெட்டி எண்ண என் வண்டிக்கு இடது பக்கமாத்தானே நடந்து வருவாரு. ஹாரன்கூட அடிக்க மாட்டாரே அவரு. ஐயோ.

21 ஜூலை, திங்கள்

வயிற்று வலி என்று கிளினிக்கில் எம்.சி. சீட்டு வாங்கி வேலைக்குப் போகாமல் இருந்தேன். பிறகு வாரம் முழுக்க லீவு கேட்டேன். இன்னும் எத்தனை வயிற்று வலி?

26 ஜூலை, சனி

காலையில் தலைவலி என்று சொல்லி பிரஷாந்தனிடம் கார் சாவியைக் கொடுத்தேன். அதுவும் பொய்தான்.

மேசையில் உட்கார்ந்ததும் என் ஆளின் குறையை ரப்பரால் அழித்தேன். பலத்தில் பதினைந்தைக் குறைத்தேன்.

"ஏன்? இப்பதானே நல்லா வந்துச்சு," என்றார் அக்கா.

"இது அவனோடது இல்லக்கா. என்னோடது." டாக்டர் கடிதத்தை எடுத்து வைத்தேன்.

அக்கா இரண்டு முறை படித்தார். "மருந்து ஒழுங்கா போடுறியா?" என்று மட்டும் கேட்டார். பிரஷாந்தன்தான் எழுந்து நின்றான்.

"மூணு வாரமா என்னை அந்தப் பக்கம்தானே உட்கார வச்சு ஓட்டுன?"

ஆமாம். அந்தப் பக்கம்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போதும் அவன்தான் ஓட்டினான். என் காரில் அவன் சீட்டில் நான். கோப்பெங் தாண்டினோம். பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, "உன் பக்கம் ஒரு மோட்டர் போவுது," என்றான். கொஞ்ச தூரம் போய், "இன்னொண்ணு."

சிம்பாங் பூலாய் தாண்டியதும், "திங்கக்கிழமை ஃபேக்டரிக்கு நானும் கூட வாரேன். ரெண்டு பேருமா சொல்லலாம்," என்றான்.

பயம் அப்படியேதான் இருக்கிறது. சரி என்றேன்.