ஒரே பையில் வந்த சேட்டு

"ஏனடி, உன்ட பணிஸ் சவர்க்காரம் போட்டுக் குளிச்சதோ?" என்று ஒருமுறை கேட்டாயே, நினைவிருக்கிறதா? இன்று காலை வெள்ளவத்தைக் கடையில் பையன் குளிக்கிற சவர்க்காரக் கட்டியையும் பணிஸ் பன்னையும் ஒரே சிலிசிலிப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து தந்தான். வீட்டுக்கு வந்து பணிஸைப் பிய்த்து வாயில் வைத்தேன். அதே குளித்த பணிஸ். சேர்ந்து சிரிக்கத் தோழி நீதான் இல்லை.

அந்தக் கேள்வியை நீ கேட்டது, கொட்டாஞ்சேனைத் தையல் கடை எரிந்த வழக்கு முடிந்த மறுநாள். அரச ஆய்வுகூடத்தில் இரசாயனம் பார்த்தவள் நீ. பிடிபட்டவர் என் பக்கத்து வீட்டுத் தையல்காரர் செல்வம். அந்தக் கடை முதலாளியோடு சண்டை பிடித்து வேலையை விட்டவர். அவர் வீட்டில் எடுத்த சேட்டில், அவர் போடும் மேல்சட்டையில், மண்ணெண்ணெய் மணம் என்று பிறகு கதை வந்தது. தெருவுக்கு வேறென்ன வேண்டும்?

"டீச்சர், எங்கட வீட்டில காஸ் அடுப்புத்தான். அவருக்கு ஏன் மண்ணெண்ணெய்?" என்று அவர் மனைவி ராணி என் வாசலில் நின்று அழுதாள். உனக்குப் போன் எடுத்தேன். "வழக்கைப் பற்றிக் கதைச்சா வைச்சிடுவன்," என்றாய். சொன்னபடி வைத்தும் விட்டாய்.

தீர்ப்பு வந்த பிறகுதான், என் வீட்டு மேசையில் பணிஸை முகர்ந்தபடி நடந்ததைச் சொன்னாய். எரிந்த கடையில் எடுத்த மண்ணெண்ணெய்த் துணியும் செல்வத்தின் சேட்டும் ஒரே சிலிசிலிப் பையில் உன்னிடம் வந்திருந்தன. பொலிஸ்காரர் ஒன்றும் சிந்தாமல் இறுக்கி முடிந்திருந்தார். அந்தக் கவனம்தான் பிழை.

"சேட்டில மண்ணெண்ணெய் இருக்கா, இல்லையா?" என்று அரச தரப்புச் சட்டத்தரணி அதட்டினாராம்.

"இருக்கு ஐயா. தீ வைக்கேக்க பட்டதா, பைக்குள்ள ஏறினதா எண்டு என்னால சொல்ல ஏலாது."

வேறு சாட்சியம் இல்லாததால் செல்வம் வெளியே வந்தார். தெரு அவரை விடவில்லை. "லாப் அம்மாவை ஆரோ காசு குடுத்துப் பிடிச்சிட்டாங்கள்," என்றார்கள். நானும் உன்னை ஒரு மாதிரித்தான் பார்த்தேன்.

"அப்ப அந்த மனிசன் செய்யேல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதடி. நான் ஆளைச் சோதிக்கேல்ல, சேட்டைச் சோதிச்சனான்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, இன்றும் போதவில்லை. செல்வம் இப்போது என் ஒழுங்கையிலேயே தைக்கிறார். தைத்துத் தரும் சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது முகர்ந்து பார்க்கிறேன். புதுத்துணி மணம்தான் வருகிறது. அதையும் நம்பத் தயங்குகிறேன். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. யாராவது ஒருவரைக் காட்டி "மணமே சொல்லுது" என்றால், எந்தப் பையில் வந்தது என்று என் வாய் கேட்டுவிடுகிறது. கேட்கும் குரல் உன்னுடையது.

இதை வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். ஒரு பணிஸையும் உறை பிரித்த சவர்க்காரத்தையும் ஒரே பையில் முடிந்து ஓர் இரவு வையுங்கள். காலையில் பணிஸை மட்டும் வீட்டாரிடம் கொடுத்து, இது எங்கே கிடந்தது என்று கேளுங்கள்.