பதில் எழுத அறுபது நாள்

அக்கா,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். காய்ச்சல் ஒன்றும் இல்லை, இருந்தாலும் இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

நாளைய கூட்டத்துக்காக உங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். முதலாளிகள் கேள்வி எழுதிப் போடுவார்களே, அதே டின். சீரக வாசம் இன்னும் போகவில்லை. நீங்கள் வேலை மாறிப் போய் ஏழு மாதமாகிறது. வேலைச் சட்டத்தில் மறுபடி மாற்றம் வரப்போகிறதாம். புக்கிட் தெங்காவில் சிறு தொழிற்சாலைக்காரர்களைத் தயார்ப்படுத்த, இந்தத் தடவை மேலாளர் என்னைத் தனியாக அனுப்புகிறார்.

போன முறை நாம் இருவராகப் போனோம். சட்டத்தைத் தமிழில் எழுதித் திரையில் காட்டுவது என் வேலை, பேசுவது உங்கள் வேலை. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி கேட்கலாம் என்ற பிரிவுக்கு நான் வைத்த தலைப்பு நினைவிருக்கிறதா? ‘முதலாளி வளைந்து கொடுக்க வேண்டும்.’ சூலியா தெரு அச்சகக்காரர் எழுந்தே விட்டார்.

“ஏம்மா, பேங்க்குக்கு வளைஞ்சாச்சு, வீட்டுக்காரிக்கு வளைஞ்சாச்சு, இப்ப வேலைக்கு வர்றவனுக்குமா? முதுகு ஒண்ணுதான் லா இருக்கு!”

மண்டபமே சிரித்தது. நீங்கள் பதறவே இல்லை.

“வளையவே வேணாம் அண்ணே. நல்லா நிமிர்ந்து உக்காந்து ஒரு சூராட், ஒரே ஒரு கடுதாசி எழுதுங்க, போதும். அவன் எழுதிக் கேட்டா, அறுபது நாளுக்குள்ள நீங்களும் எழுதிப் பதில் சொல்லணும். முடியாதுன்னா ஏன்னு சொல்லணும். இல்லைன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. சும்மா இருக்கத்தான் உரிமை இல்ல.”

அவர் உட்கார்ந்தார். பேனாவை எடுத்துக்கொண்டு, “அந்த சூராட்ட எப்படி எழுதுறது, காட்டும்மா” என்றார்.

திரும்பும்போது ஃபெரியில் நான் அழாத குறையாகத் தலைப்பை மாற்றப் போனேன். தடுத்துவிட்டீர்கள். “விடுலா. நீ சரியா எழுதியிருந்தா அந்த மனுஷன் எழுந்தே இருக்க மாட்டாரு.” அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்திலும் அந்தத் தப்பான தலைப்பே ஓடியது. எங்கேயாவது ஒருவர் எழுந்துவிடுவார்.

இன்னொன்றையும் இன்றுதான் கண்டுபிடித்தேன், கள்ளி அக்கா. டின்னில் எப்போதும் முதலில் வரும் அந்தக் கேலிச் சீட்டு, ‘நானே முதலாளி, நானே தொழிலாளி. நான் லீவு கேட்டா எனக்கு யார் பதில் சொல்றது?’ அது உங்கள் கையெழுத்து! அதைப் படித்ததும் எல்லாரும் சிரிப்பார்கள், வெட்கம் போய்விடும், பிறகு பேனா தேடுவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே சீட்டைத்தான் போட்டிருக்கிறீர்கள். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருக்கிறது.

அதற்குப் பக்கத்தில்தான் என் கடிதத்தையும் ஒளித்து வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் நாலரைக்கே கிளம்ப அனுமதி கேட்டு. பாப்பாவைப் பார்த்துக்கொள்பவர் ஆறு மணிக்குமேல் வைத்துக்கொள்ள மாட்டார். பட்டர்வொர்த் ஆபீசிலிருந்து நான் ஓடி வருவதற்குள் அவள் செருப்பு மாட்டி, பையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். கடிதம் எழுதி மூன்று வாரமாயிற்று, கொடுக்கவில்லை. ‘பிள்ளை வந்ததும் இவளுக்கு வேலையில் மனசில்லை’ என்று மேலாளர் நினைத்துவிட்டால்? ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் வேறு. முதலாளிகளை எல்லாம் நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, நான் கூன் போட்டுத் திரிகிறேன்.

நாளை கூட்டத்துக்குப் போகுமுன் ஆபீசில் அதைக் கொடுத்துவிடப் போகிறேன். இல்லை என்றே சொல்லட்டும். எழுத்தில் சொல்லட்டும். அப்புறம் உங்கள் சீட்டை டேப் ஒட்டி முதலில் போடுவேன். தலைப்பு அதேதான்.

மேலாளருக்கு எழுதிய கடைசி வரியையே உங்களுக்கும் எழுதுகிறேன், அக்கா. ஆனால் அவருக்கு அறுபது நாள் உண்டு, உங்களுக்கு அதெல்லாம் கிடையாது.

சீக்கிரம் பதில் போடுங்கள்.