ராணியின் காதுக்குக் கீழே ஒரு கீறல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முப்பத்திரண்டு வயதானவளைப் பாப்பா என்று கூப்பிடாதே என்பாய், கடிதத்தில் நீ என் வாயைப் பொத்த முடியாது. நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, கை கால் சுகத்தோடு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் குறையில்லை, மனசைப் பற்றித்தான் இத்தனை பக்கமும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய், அந்தச் சரிக்கு அவசரப்பட்டு நான் பாதியை விழுங்கிவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாய், தொண்டைக்கட்டு என்றேன், அது பொய். அப்பாவின் முழங்கால் வலி தேவலை, ஆனாலும் இந்த வயதிலும் லிப்ட் ரிப்பேர் என்று யார் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாடிவீட்டுக் குழாய் ஒழுகி நம் குளியலறைச் சுவர் முழுக்க ஓதம். வீடியோவில் உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது, வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். என் மேஜைக்கு வருவதெல்லாம் யார் யாரோ எந்தெந்த நாட்டிலிருந்தோ சேர்த்துவைத்த பழைய காசுகள். அசலா போலியா என்று பார்த்து, தேய்மானத்தைப் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று தரம் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து ஒட்டி, உள்ளே இருக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது. இருபத்தாறு வருஷமாக அதே மேஜை, அதே விளக்கு. போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஒரு வெள்ளிக்காசு வந்தது, ஒரு பக்கம் கொண்டை போட்ட ராணி, மறுபக்கம் பாய்மரக் கப்பல். உலகம் முழுக்கத் தேடினாலும் முப்பதுக்கு மேல் தேறாது என்று சொல்லப்படும் காசு. எடை சரி, வெள்ளி சரி. லென்ஸை வைத்துப் பார்த்தால் ராணியின் காதுக்குக் கீழே தூண்டில் முள் மாதிரி சின்னதாக ஒரு கீறல். இவளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எழுந்து போய்ப் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் அசல் என்று எழுதி, ஐம்பத்தைந்து போட்டு, கையெழுத்திட்டு அனுப்பிய காசு. அதே ராணி, அதே இடம், அதே முள்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரே அச்சில் அடித்த காசுகள் அக்கா தங்கை மாதிரி ஒன்றுபோல இருக்கலாம், ஆனால் கையிலும் பையிலும் புரண்டு வாங்கிய அடி அதது தனித்தனியாக வாங்கியதுதான். இரண்டு பேருக்கு ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், ஒரே வளைவில் தழும்பு இருக்குமா? ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எவனோ தழும்போடு சேர்த்து அச்செடுத்து அடித்திருக்கிறான். புதிதாக வந்தது போலி என்பதில் சந்தேகமே இல்லை, அதன் விளிம்பே காட்டிக்கொடுத்தது. நான் முன்பு அனுப்பியது எது, தாயா அல்லது அதுவும் பிள்ளையா என்பதுதான் கேள்வி. படத்தை வைத்துச் சொல்ல முடியாது, காசையே பார்க்க வேண்டும். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "புதுசா வந்தத போலின்னு எழுதித் திருப்பி அனுப்புங்க, அவ்வளவுதான். பழசு அசலாவே இருக்கலாம்ல? சும்மா கெடக்கறத ஏன் கிளறணும்?" என்றார். பாப்பா, அவர் சொன்னதும் எனக்குக் கோபம் வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. அதை உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை.

பன்னிரண்டு நாள் அந்த அப்பாடாவோடு ஓட்டிப் பார்த்தேன். பூட்டிய கதவை மறுபடி போய் இழுத்துப் பார்ப்பேன், அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவேன். மேஜையில் ஒரு காசுக்கு ஐந்து நிமிஷம் பிடித்த இடத்தில் அரை மணி நேரம் பிடித்தது, தரம் போட்டதை அடித்து மறுபடி போட்டேன். பதிவேட்டில் முதல் ராணிக்குச் சீட்டெழுதிய தேதியைப் பார்த்தேன், உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாள். அன்றைக்கு ஒரே நாளில் நாற்பத்தொரு காசு பார்த்திருக்கிறேன். உன்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதே, லீவு போட்டிருக்க வேண்டியவள் நான். கண்ணில் ஏதாவது கோளாறோ என்று கண் டாக்டரிடமும் போனேன். வயசுக்கு அருமையான பார்வை என்று சிரித்தார். கோளாறு என்றிருந்தால் கண்ணின்மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருப்பேன், அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. கடைசியில் அப்பாவே கண்டுபிடித்துவிட்டார். ஒரே நாளில் அவருக்கு இரண்டு தடவை பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மனுஷர் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, "என்னடி ஆச்சு உனக்கு?" என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டு முடித்து வெகுநேரம் முழங்காலையே தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கயிறு நைஞ்சிருக்கோன்னு சந்தேகம் வந்தா நான் லிப்ட்ட நிறுத்திட்டுத்தான் மேல ஏறிப் பாப்பேன். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி ஆளை ஏத்தினதில்ல" என்றார். செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் முதலாளியிடம், அந்தப் பழைய காசை நான் போய்ப் பார்க்கத்தான் போகிறேன் என்றேன். "போறதுன்னா போங்க, கம்பெனி பேர இழுக்காதீங்க" என்றார். அந்தப் பெட்டியிலேயே கம்பெனி பேர் அச்சடித்துத்தானே இருக்கிறது, நான் எங்கே தனியாக இழுப்பது. காசை வாங்கியவர் ஒரு பல் டாக்டர், வேலையை விட்டு ஓய்ந்துவிட்டார், மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். படியேறும்போது ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்தேன். ஒரு காலத்தில் இடுக்கியும் ஊசியும் வைத்த வெள்ளை இரும்பு அலமாரியில், அத்தனை மெல்லிய இழுப்பறைகளிலும் இப்போது காசுதான் வைத்திருக்கிறார், பஞ்சு விரித்து, நாடு வாரியாக. என்னைப் பார்த்து ஆளே பூரித்துவிட்டார். "உங்க கையெழுத்த ஒன்பது வருஷமா பாக்கறேன், ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லி, நான் வாயைத் திறக்கும் முன்பே கப்பல் ராணியைத்தான் முதலில் எடுத்து வந்து காட்டினார். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் முகம் மாறியதை எழுதத் தெரியவில்லை. மெல்லிய ரம்பத்தை எடுத்து வந்து பெட்டியை அவரே அறுத்தார், பிளாஸ்டிக் தூள் மடியெல்லாம் கொட்டியது. பல் பார்க்கும் பழைய விளக்கை இழுத்துக் காசின்மேல் வைத்துவிட்டு, எங்கே பார்க்கணும் சொல்லுங்கள் என்றார். உண்மையிலேயே உலோகத்தில் கீறினால் கீறலின் இரண்டு ஓரமும் உதடு மாதிரி கூராக மேலே எழும்பும், பள்ளத்தில் அழுக்குத் தங்கும். அச்சிலிருந்து வந்த கீறலின் ஓரம் மழமழவென்றிருக்கும், பள்ளமும் மற்ற இடத்தைப் போலவே பளபளக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. சொத்தையா இல்லையா என்று நாற்பது வருஷம் பார்த்த கண் அது. மழமழவென்றுதான் இருந்தது பாப்பா. அவர் விளக்கை அணைத்துவிட்டு, "அப்ப மத்ததெல்லாம்?" என்று கேட்டார். அவர் அலமாரியில் நான் கையெழுத்துப் போட்ட காசு இன்னும் இருபத்து மூன்று இருக்கிறது. "நீங்க போலாம்" என்றார். படியிறங்கும்போது கைப்பிடியை விடவே இல்லை.

ஆறு நாள் ஒரு தகவலும் இல்லை. முதலாளி, இந்த விஷயம் நாலு பேருக்குத் தெரிந்தால் கடையைச் சாத்திவிட்டுப் போகவேண்டியதுதான் என்று என் காதுபட யாரிடமோ பேசினார், அந்த டாக்டருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டார். நீ ஞாயிற்றுக்கிழமை பேசியது அந்த ஆறு நாளில் ஒரு நாள். ஏழாம் நாள் காலை கடை திறந்த கையோடு டாக்டர் ஒரு மரப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். இருபத்து மூன்றையும் மறுபடி பார்க்கணும் என்றார். முதலாளி பதறிப்போய், வேறு ஆளை வரவழைக்கிறேன், வெளியூரில் பெரிய நிபுணர் இருக்கிறார் என்றார். நானும் அதுதான் சரி, என்னை நீங்கள் எப்படி நம்புவீர்கள் என்றேன். டாக்டர் நாற்காலியை என் மேஜைக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் ராங் பல்லப் புடுங்கியிருக்கேன்மா, ரெண்டு தடவை. வாயத் திறந்து சொன்னதில்ல. நீங்க மூணு மாடி ஏறி வந்து சொன்னீங்க. நீங்களே பாருங்க, நான் இங்கியே உக்காந்திருக்கேன்" என்றார்.

இரண்டு நாள் பார்த்தேன். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார், நான் லென்ஸை எடுக்கும்போதெல்லாம் அவர் மூச்சு நிற்பது கேட்கும். இருபத்தொன்று அப்படியே நின்றது. ஒன்றுக்கு நான் தாராளமாகப் போட்டிருந்தேன், நாலு குறைத்தேன். இன்னொன்றைப் பார்க்கப் பார்க்க ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை, தெரியவில்லை என்று எழுதினேன். இருபத்தாறு வருஷத்தில் சீட்டில் அந்த வார்த்தையை எழுதியது அன்றைக்குத்தான். எல்லாம் முடிந்து கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து அந்த ராணியை எடுத்து வைத்து, இதற்கும் ஒரு சீட்டு வேண்டும் என்றார். இதற்கு என்ன தரம் போட, இதைக் கண்ணுக்குத் தெரியாமல் உடைத்துப் போட்டுவிடுங்கள் என்றேன். "போலின்னு எழுதி உங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இது என் அலமாரியிலதான் இருக்கும்" என்றார். எழுதினேன். தேதியும் போட்டேன். சீட்டை வாங்கி மை காய்கிறவரை ஊதிவிட்டுத்தான் மடித்தார்.

இதோடு முடிந்துவிடவில்லை, அதுதான் என் கவலை. உன்னை அனுப்பிய மறுநாள் பார்த்தவற்றில் இன்னும் நாற்பது காசு யார் யார் வீட்டிலோ இருக்கிறது. முதலாளியிடம் கேட்டு விலாசங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன், அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பதிவேட்டின் சாவியைக் கொடுத்துவிட்டார். முப்பத்தாறு விலாசம் கிடைத்துவிட்டது, அதில் எட்டுப் பேருக்கு எழுதியாயிற்று. யார் கத்துவார்கள், யார் வழக்குப் போடுவார்கள், வேலையே இருக்குமா, ஒன்றும் தெரியாது. உனக்கு எழுதுவதற்காக இன்று அந்தக் கடிதங்களை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

எங்கே இருந்தாலும் உன் வீட்டில் அடுப்பும் உன் முகத்தில் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். கடைவாய்ப் பல் வலி என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டு தள்ளிப்போடுகிறாய், டாக்டரிடம் கேட்டுவிட்டேன், இந்த வாரமே காட்டியாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார், நேரமில்லை என்று அவரிடம் நீயே சொல்லிக்கொள். இதைப் படித்ததும் போன் செய்யாதே, அழுதுவிடுவேன், நாலு வரி எழுது. அப்பா தன் ஆசியையும் எழுதச் சொன்னார், முழங்கால் நன்றாகிவிட்டது என்றும் எழுதச் சொன்னார், நம்பாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு மாறாத,
உன் அம்மா