பிப்ரவரியில் பதிந்த குரல்

அத்பாஷி,
புதன்கிழமை காலை

அன்பு மகள் ஜிபாருக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம், அம்மா சுகம், உன் தங்கையும் அவள் வீட்டாரும் சுகம். இதை முதல் வரியிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தோடு உன் அத்தையும் விடுதி வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் உன் மனம் நேராக எங்களிடம்தான் ஓடும். எங்களுக்கு ஒன்றுமில்லை. மாடு போன வாரம் கன்று ஈன்றது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, அம்மா அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. உருளைக்கிழங்கு நட்டுவிட்டோம், மேற்குப் பக்கத்தில் மண் இன்னும் ஈரம் காயாததால் இரண்டு வரிசை பாக்கி. நீ மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை உன் ஆசிரியர்கள் முன்னால் பரீட்சைக்குக் காட்ட வேண்டிய படத்தை முடிக்கும் வேலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் அறைத்தோழி சொன்னாள். அதுவும் ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. வேறு யாராவது அரைகுறையாக உனக்குச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன். இப்போது அத்தையைப் பக்கத்தில் உட்காரச் சொல். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலே படி. ஒரு செய்தியைத் தனியாக இருக்கும் பிள்ளையிடம் போனில் போட்டு உடைப்பது நம் வழக்கமில்லை, பெரியவர்கள் கூடி, உட்காரவைத்து, சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள், அது உனக்கே தெரியும். பிஷ்கெக்கில் உனக்கென்று கூடுவதற்கு ஓர் அத்தைதான் இருக்கிறாள், அதனால்தான் வாடகைக் கார் ஓட்டுநரிடம் கொடுத்து அவள் கைக்குப் போகச் செய்து, அவள் வழியாக உன்னிடம் வருகிறேன்.

நம் எர்மெக் அண்ணன் இல்லை, மகளே. ஞாயிற்றுக்கிழமை நோவோசிபிர்ஸ்கில், கூட வேலை செய்கிறவர்களோடு அவன் தங்கியிருந்த அறையில், தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. முப்பத்து நான்கு வயது. வேலையில் அடிபட்டு இறக்கவில்லை, யாரும் எதுவும் செய்யவில்லை, காலையில் தேநீருக்கு எழுப்பப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவன் அண்ணன் மாக்சாத் திங்கட்கிழமையே கிளம்பிப் போனான், சனிக்கிழமை காலை விமானத்தில் உடல் வருகிறது, மதியத்துக்குள் ஊருக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். அழு, நன்றாக அழு, அத்தை மேல் சாய்ந்துகொள். ஒரு வருடமாக நீ அவன் குரலோடு வாழ்ந்தவள், இந்த ஊரில் பலரைவிட உனக்கு அவனை அதிகம் தெரியும். அழுது முடித்துவிட்டு மிச்சத்தைப் படி, ஏனென்றால் மிச்சத்தில் உன்னுடைய வேலை இருக்கிறது, என்னுடைய தவறும் இருக்கிறது.

அவன் அப்பா, ஓர்மோன் பெரியப்பாவுக்கு இன்னும் தெரியாது. உடல் வருவதற்கு முன் சனிக்கிழமை விடிகாலையில் சொல்வது என்று தெருப் பெரியவர் சாதிர் அய்யா வீட்டில் திங்களன்று முடிவு செய்தோம். மாக்சாத் டிராக்டருக்கு உதிரிபாகம் வாங்க பிஷ்கெக் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். இறந்தவனைக் கிடத்தும் கூடாரத்தை முற்றத்தில் நிமிர்த்தினால் புரிந்துவிடும் என்பதால் கம்பளி விரிப்புகளும் கழிகளும் பிரித்தபடியே நம் கொட்டகையில் கிடக்கின்றன. மாக்சாத்தின் மனைவி அனார்கான் நேற்றே மாவு பிசைந்து போர்சோக் பொரித்தாள், இறந்தவனுக்காக எண்ணெய் வாசம் எழும்ப வேண்டுமே என்று. பெரியப்பா கேட்டால் வெள்ளிக்கிழமை நீ அங்கே காட்டும்போதே இணையம் வழியாக இங்கே படம் பார்க்க வருகிறவர்களுக்கு என்கிறாள், கண் ஏன் சிவந்திருக்கிறது என்றால் புகை என்கிறாள். அவரோ தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்துடுங்க, வாத்தியார் பொண்ணு என்னை நடிகனாக்கிட்டா, இனிமே எங்கூடப் பேசணும்னா முன்கூட்டியே சொல்லிட்டு வரணும் என்று சிரித்துக்கொண்டு திரிகிறார். கல்பாக் தொப்பியைத் துவைத்துக் கவிழ்த்துக் காயப் போட்டிருக்கிறார். எர்மெக் படத்தில் பேசுகிறான் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும், என்ன பேசுகிறான் என்று தெரியாது. அப்பாவிடம் சொல்ல நினைத்து அனுப்பாமல் விட்டதையெல்லாம் எனக்குச் சொல்லுங்கள் அண்ணா என்று நீ கேட்டு, அவன் உனக்கு மட்டும் பேசி அனுப்பிய பதிவுகள் அவை. அவற்றை எழுத்தில் எடுத்துக் கொடுத்தவன் நான் என்பதால் அத்தனையும் என் போனில் இருக்கின்றன. சங்கடம் அங்கேதான் தொடங்கியது.

எர்மெக்குக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அன்று தவறாமல் அப்பாவுக்குப் பேசி அனுப்புவான். இந்தத் திங்கள் வரவில்லை. செவ்வாய் காலை பெரியப்பா நம் வீட்டுக்கு வந்தார், முகம் கறுத்திருந்தது, வாத்தியாரே என் போன் கெட்டுப்போச்சா பாருங்க என்றார். போனை வாங்கிப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். போன் நன்றாக இருக்கிறது என்றேன். அப்ப அவனுக்குத்தான் என்னமோ என்றார், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார், அம்மா ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். அவருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். நான் யோசிக்கவில்லை மகளே. இல்லை, யோசித்தேன், தப்பாக யோசித்தேன். எர்மெக் எனக்கு அனுப்பியிருக்கிறான், உங்கள் போனுக்குப் போகவில்லையாம் என்று சொல்லி, உன் பதிவுகளிலிருந்து ஒன்றைப் போட்டுக் காட்டினேன். ஜன்னல் வரைக்கும் பனி, சூப் வைக்கப் போய் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன், அம்மா இருந்திருந்தால் அடித்திருப்பாள் என்று இருமிக்கொண்டே சிரிப்பானே, அது. அதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, நீ அதை வெட்டிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். மே மாசத்துல என்னடா பனி என்று கேட்டார். பிறகு அவரே, சைபீரியா இல்லையா, அங்க ஏது மாசம் என்று சொல்லிக்கொண்டார். மூன்று முறை கேட்டார். நிறம் திரும்பி எழுந்து போனார். நான் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு மத்தியானம் தூங்கவும் செய்தேன்.

மாலையில் நீ முடித்த படத்தை அனுப்பினாய், எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள் அப்பா என்று. பார்த்தேன். நல்ல படம். அப்பன் வீட்டில் வைக்கோல் அள்ளிக்கொண்டிருக்க, மகன் குரல் அங்கிருந்து பேசுகிற இடத்தில் அம்மா தலைத்துணி நுனியால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் பனி மூடிய சாலை வருகிறது, அதன் மேல் எர்மெக் ஜன்னலையும் சூப்பையும் சொல்லி இருமுகிறான். நீ அதை வெட்டவில்லை, அதைத்தான் முடிவாக வைத்திருக்கிறாய். அடியில் பிப்ரவரி பதினொன்று என்று தேதி போட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத் தெருவே கூடியிருக்கும் மண்டபத்தில், இந்த வாரம் வந்தது என்று நான் நேற்று சொல்லிக் காட்டிய குரலைத் தேதியோடு அவர் கேட்கப்போகிறார். அப்போது சனிக்கிழமை விடிகாலைக்கு நாங்கள் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. தன் மகன் இறந்த செய்தியை அவருக்குத் திரையில் ஓடும் ஒரு தேதி சொல்லிவிடும்.

உன்னிடம் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடு, அல்லது தேதியை எடுத்துவிடு என்று கேட்டு இன்று அதிகாலையில் ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். பள்ளியில் நான் பிள்ளைகளுக்கு வானிலைக் குறிப்பேடு வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும், தினமும் காலை எட்டு மணிக்கு வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும். ஒருமுறை ஒரு பெண் காய்ச்சலில் மூன்று நாள் வராமல், திரும்பி வந்ததும் போன வருடக் குறிப்பேட்டைப் பார்த்து மூன்று எண்களை எழுதி வைத்தாள். எண்கள் ஒன்றும் அசாத்தியமில்லை, அந்த வாரத்துக்குப் பொருந்தித்தான் இருந்தன. ஆனாலும் அவற்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பார்க்கவில்லை என்று எழுதச் சொன்னேன். அவள் அழுதாள். பிப்ரவரியின் எண்ணை மே மாதத்துக் கட்டத்தில் எழுதிவிட்டு, அது வெளியே தெரியாமலிருக்க உன் குறிப்பேட்டையும் திருத்து என்று நான் எப்படிக் கேட்பேன்.

கிழித்துக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா வந்துவிட்டார். கையில் ஒரு ஜாடி. செம்மறி வால் கொழுப்பை உருக்கித் தேன் கலந்து கொண்டு வந்திருந்தார். "புள்ள இருமுறான் வாத்தியாரே, நேத்து ராத்திரி பூரா அந்த இருமல்தான் காதுல நின்னுச்சு. இதை உங்க பொண்ணுகிட்ட அனுப்பிவிடுங்க, அவ அங்கேருந்து யாராவது போறவங்ககிட்ட கொடுத்துவிடட்டும். பால்ல கலந்து குடிக்கச் சொல்லணும், கண்டிப்பா குடிக்கச் சொல்லணும்" என்றார். வாங்கி மேஜை மேல் வைத்தேன். அவர் போன பிறகு அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

உடனே சாதிர் அய்யாவிடம் போனேன், அம்மாவும் கூட வந்தாள். வெள்ளிக்கிழமை காலையிலேயே சொல்லிவிட வேண்டும் என்றேன். சாதிர் அய்யாவுக்குக் கோபம். ஒரு நாள் முழுக்க உடல் இல்லாத வீட்டில் அந்த மனுஷன் என்ன செய்வான், அழுகிறதுக்கும் ஒரு இடம் வேணாமா, உன் பொண்ணு பரீட்சைக்காக சாவை முன்னாடி இழுக்கச் சொல்றியா என்றார். அம்மாதான் சொன்னாள், பரீட்சைக்காக இல்ல மாமா, இவர் செஞ்ச காரியத்துக்காக, அந்த மனுஷன் செத்த புள்ளைக்கு மருந்து காய்ச்சிக்கிட்டு இருக்கார் என்று. ஜாடியைப் பற்றி அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு, "சரி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. நர்ஸ் ஊசியோட பக்கத்து அறையில இருக்கட்டும். பெரியவன் சொல்றதுதான் வழக்கம், ஆனா நான் வாயைத் திறக்க மாட்டேன். குரலைப் போட்டவன் நீ, சொல்றதும் நீதான்" என்றார். ஒப்புக்கொண்டேன். நாற்பது வருடம் பிள்ளைகள் முன்னால் பேசியவன், ஜிபார், ஆனால் அந்த இரண்டு வரியை எப்படி அடுக்குவது என்று இப்போதிருந்தே ஒத்திகை பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. அவர் என்ன ஆவார் என்ற பயம் ஒரு பக்கம். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பாரா என்ற பயம் இன்னொரு பக்கம், அது சுயநலம்தான், ஆனாலும் இருக்கிறது.

இனி உன் வேலை. படத்தில் ஒரு நொடியையும் வெட்டாதே, தேதியையும் தொடாதே, கடைசியில் நினைவஞ்சலி என்று எதையும் சேர்க்கவும் செய்யாதே. மண்டபத்தில் காட்டுவதை நான் இன்று ரத்து செய்துவிடுகிறேன், இணையம் சரியில்லை என்று பொய் சொல்லாமல், காரணத்தை வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி. ஆனால் உன் ஆசிரியர்கள் முன்னால் போடுவதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது. போன இலையுதிர் காலத்தில் பெரியப்பாவிடம் நீ ஒரு சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கினாய். அவர் அதை வாசிக்கக்கூட இல்லை, நல்ல பேனா கொடு என்று மட்டும் கேட்டார். அந்தக் கையெழுத்து உயிரோடு இருக்கும் ஒரு மகனின் குரலுக்குப் போட்டது. சட்டப்படி அது இன்னும் செல்லும் என்று உன் பல்கலைக்கழகத்தில் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை, உனக்கும் போதாது என்று நினைக்கிறேன். அதனால் செய்தியைச் சொல்லி, அழுகை கொஞ்சம் ஓய்ந்த பிறகு, நான் அவரிடம் மறுபடியும் கேட்பேன். எர்மெக் உங்களுக்காகப் பேசி வைத்தவை ஒன்பது இருக்கின்றன, நான் திருடிப் போட்டுக் காட்டியது அதில் ஒன்று, இவற்றை இன்று அந்நியர்கள் கேட்கலாமா என்று. அப்படிப்பட்ட நேரத்தில் கேட்கிற கேள்வியா அது என்று சாதிர் அய்யா என்னை வெளியே தள்ளினாலும் தள்ளுவார். அவர் கேட்கலாம் என்றால் நீ காட்டு, நிமிர்ந்து நின்று காட்டு. வேண்டாம் என்றாலோ, பதில் சொல்லாமல் இருந்தாலோ, நீ எழுந்து ஆசிரியர்களிடம் இன்று என்னால் காட்ட முடியாது என்று உண்மைக் காரணத்தோடு சொல். ஒரு வருட உழைப்பு, மதிப்பெண், பட்டம், எல்லாம் தள்ளிப்போகலாம், தேர்வுக் குழு ஒப்புக்கொள்ளாமலே போகலாம், எனக்குத் தெரியும். என் தவறுக்கு நீ ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று கேட்டால் அது நியாயம்தான். நான் கேட்கத்தான் முடியும், முடிவு உன்னுடையது, நீ வேறு மாதிரி முடிவு செய்தால் உன்மேல் எனக்குக் கோபம் வராது.

இன்றிரவு தனியாக இருக்காதே, அத்தை வீட்டுக்குப் போய்விடு. வெறும் வயிற்றோடு படுக்காதே, அத்தை வைக்கிற சூப்பில் பாதியாவது குடி. வெள்ளிக்கிழமை எப்படி முடிந்தாலும் மாலை வண்டியில் ஏறி ஊருக்கு வா, சனிக்கிழமை நீ இங்கே இருக்க வேண்டும். மலைப்பாதையில் இன்னும் குளிர், தடித்த மேலங்கி எடுத்துக்கொள். அம்மா உன் நெற்றிக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். உன் கண் நோகாமலிருக்கட்டும், உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், எங்கள் ஆயுளிலிருந்து உனக்குச் சேரட்டும்.

மறக்காதே: வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திரு. நான் கூப்பிடுவேன். எடுத்தவுடன் என் பக்கத்தில் சத்தமே இல்லாமலிருந்தால் வைத்துவிடாதே, மகளே, கொஞ்சம் காத்திரு.

உன் அப்பா,
துய்ஷோன்பெக்