தலைவன் இலையில் உப்பில்லை

வளம் பெருகுக, வாளும் வழக்கும் வளையாது நிற்க. மூன்று ஆற்றுக்கும் ஒரு மலைக்கும் உடையவராய் வெண்கோட்டு நாட்டு அரியணையில் வீற்றிருந்தருளும் மாவேள் நன்னரையர் திருவடிகளுக்கு, வடவெல்லைச் செங்குன்றக் கோட்டையின் தலைவன், சாத்து வணிகர் மரபில் வந்த பூதி, மண்தோய வணங்கி விடுக்கும் ஓலை. அரண்மனையில் யாவரும் நலமாயிருக்க வேண்டும். கோட்டையில் படைவீரர் நூற்றிருபதின்மர் இருந்தனர். இன்று ஒருவர் குறைவு.

தேவரீர் ஆணைப்படி வீரர் நாள்தோறும் கேடகம் தூக்கிக் குன்றின் அடியிலிருந்து உச்சிக்கு ஏழு முறை ஓடி ஏறுகின்றனர். சித்திரை வெயிலில் வியர்வை வழிந்து காய்ந்து முதுகில் வெள்ளைக் கோடாய்ப் படிந்தது. தேவரீர் அளந்து தந்த உப்பெல்லாம் அவ்வழியே வெளியேறிற்று. புது உப்பு கொணரும் வண்டியோ மாசி முதல் வரவில்லை. தலைவன் நாள்தோறும் வழியைப் பார்த்தான். வழியும் அவனைப் பார்த்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

முதலில் வீரர்க்குக் கெண்டைக்கால் சுண்டியிழுத்தது. இது தாகமேயன்றி வேறில்லை, தண்ணீரே மருந்து என்று வைத்தியன் அழிசி அடித்துச் சொன்னான். கிணற்றில் நீருக்கா பஞ்சம்? குடிக்கக் குடிக்கத் தலைவலியும் வாந்தியும் தள்ளாட்டமுமே மிகுந்தன. குன்றன் என்னும் வீரன் பத்துச் செம்பு குடித்துவிட்டு, கொடிமரத்தைத் தன் மாமியார் என்றெண்ணி மரியாதையாய் ஒதுங்கி நின்றான். எல்லோரும் சிரித்தனர், தலைவனும் சிரித்தான். வைத்தியன் மேலும் இரண்டு செம்பு புகட்டினான். உச்சிப்பொழுதில் குன்றன் வலிப்புக் கண்டு இறந்தான். 

பூதி வளர்ந்தது உப்பு மூட்டைக்கும் பேரக் கூச்சலுக்கும் நடுவில். நெடுவழியில் பொதியெருது இப்படித் துவண்டால் வெறும் நீர் காட்டுவார் எவருமில்லை. கழுநீரில் கைப்பிடி உப்பும் வெல்லமும் கரைத்தே வைப்பர். ஆயினும் எருதுக்குச் சட்டமில்லை, வீரனுக்கு உண்டு. தேவரீர் உப்பன்றிப் பிறர் உப்பை நாவிலிட்டவன் பிறர்க்கு ஆளானான். அவன் பெயர் படையிலிருந்து நீங்கும், நிலம் பறிபோகும், அவன் ஓலை அவையில் படிக்கப்படாது. எல்லைக்கு அப்பால் பகைவரின் உப்பேரியோ வெள்ளை வெளேரென்று கண்ணெதிரே கிடந்தது.

பூதி தனியே குதிரையேறி எல்லை கடந்தான். அங்கு உப்பு விற்ற காணி என்பவள், தலைப்பாகை இத்தனை பெரிதாயிருந்தும் உப்புக்கு வழியில்லையா என்று வினவி, ஒரு மூட்டைக்குக் குதிரையும் சேணமும் கேட்டாள். அரைநாள் வாதாடிச் சேணத்தை மட்டும் மீட்டான். அதைத் தன் முதுகில் வைத்து, அதன்மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு கோட்டை சேர்ந்தான். பேரத்தில் அவனுக்குக் கிட்டிய வெற்றி அவ்வளவே.

சோற்று நீரிலும் மோரிலும் உப்பிட்டு, சிறிது கருப்பட்டி கரைத்து, ஓடி இறங்கியவர்க்கெல்லாம் ஆளுக்கொரு கலயம் அளிக்கச் செய்தான். வீரர் நிலத்தை நினைத்துத் தயங்கினர். குடிப்பது ஆணை, குற்றம் தன்னுடையது என்றான். அப்படியாயின் தலைவர் முதலில் குடித்துக் காட்டுக என்றனர். அவன் குடிக்கவில்லை. குடித்தால் இவர்களுக்காக அவையில் பேச ஓர் ஓலையும் மிஞ்சாது என்று விளக்கினான். வணிகன் மகன் சொல்லுக்கு எப்போதும் இரண்டு விலை என்று சொல்லி வாங்கிக் குடித்தனர். மூன்றாம் நாள் ஒருவரும் விழவில்லை.

அன்று முதல் தலைவன் இலை தனியே விழுகிறது. வீரரின் பந்தி கலகலக்கும். அவன் கடந்தால் அடங்கும். நம்மைக் கறைப்படுத்தித் தான் கழுவிக்கொண்டான் என்பது காதில் விழும். உப்பில்லாத சோற்றை மெல்ல நெடுநேரமாகிறது; பேச ஆளில்லையாதலால் அவசரமும் இல்லை. இப்போது அவனுக்கும் கால் சுண்டுகிறது, விரல் மடங்குகிறது. இவ்வோலையில் வரி சரிந்திருப்பின் அவமதிப்பென்று கொள்ளலாகாது.

வேண்டுவது இது. நூற்றுப்பத்தொன்பதின்மர் பெயரும் நீங்காதிருக்க வேண்டும். தண்டம் தலைவன் ஒருவனுக்கே ஆகட்டும். ஓலை கொணரும் எயினனும் அந்தக் கலயம் குடித்தவனே. அவன் கையில் தேவரீர் உப்பில் ஒரு பிடி முடிந்து அனுப்பினால், பூதி அதைத் தன் சோற்றிலிட்டுப் பந்தியில் போய் அமர்வான். நகர்ந்து இடம் கொடுப்பார்களா என்பது அதன் பிறகு தெரியும்.

வாயில் காப்போர்க்கு, சேணப் பொறி இட்ட இவ்வரக்கு முத்திரைக்குப் புறத்தே எழுதிய ஆணை: எயினன் மூன்று நாள் ஓடி வருகிறான், வந்ததும் தண்ணீர் கேட்பான். வெறும் நீர் தரற்க. அரண்மனை உப்பிட்ட கஞ்சி ஒரு கலயம் முதலில் தருக; ஓலையைப் பிறகு பிரிக்கலாம்.